காலம் கடந்த கடனும் ஒரு கையெழுத்தும்

கடனைத் திருப்பிச் செலுத்தத் தவணை உண்டு என்பதை அனைவரும் அறிவர். அதை நீதிமன்றத்தின் வழியே வசூலிக்கவும் ஒரு கெடு உண்டு என்பதைக் கடன்பட்டோரில் பலர் அறிவதில்லை. தாம்பரம், பல்லாவரம், பெருங்களத்தூர் பகுதிகளில் தண்டலுக்கும் நுண்கடனுக்கும் கட்டுண்ட குடும்பங்களும், சென்னை நகரிலிருந்து அகற்றப்பட்டுச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களும் அறிந்திருக்க வேண்டிய சட்டம் இது.

மூன்று ஆண்டுக் கெடு

காலவரம்புச் சட்டம், 1963இன்படி, கைமாற்றுப் பணம், கடையில் கடனாக வாங்கிய பொருளின் விலை, வாடகை பாக்கி ஆகியவற்றுக்காக வழக்குத் தொடரும் காலம் 3 ஆண்டுகள். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு அதிலுள்ள தேதியிலிருந்தே எண்ண வேண்டும். 2022 ஜூன் 10இல் எழுதிய நோட்டுக்கு 2025 ஜூன் 10 கடைசி நாள். வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைத்த கடனுக்கு 12 ஆண்டுகள். கொரோனாவை முன்னிட்டு 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாள்களை விலக்கிக் கணக்கிடுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பழைய கடன்களைக் கணக்கிடுகையில் இதை மறக்கலாகாது.

கெடு முடிந்ததும் கடன் அழிந்துவிடுவதில்லை. வழக்கிட்டு வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. கடனைத் தீர்க்காமல் அடகு நகையைத் திரும்பக் கேட்க இயலாது. காலம் கடந்த வழக்கை, எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டாவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது சட்டத்தின் 3ஆம் பிரிவு. ஆயினும் சம்மனைப் பெற்றுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை பிறக்கக்கூடும். அதை நிறைவேற்றிக்கொள்ளக் கடன் கொடுத்தவருக்கு 12 ஆண்டுகள் கிடைக்கும்.

கடனை உயிர்ப்பிக்கும் கையெழுத்து

கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிய 3 ஆண்டுகள் தொடங்கும். அசலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைச் செலுத்தி, அதைக் கையெழுத்துடன் பதிந்தாலும் அவ்வாறே. இவை காலவரம்புச் சட்டத்தின் 18, 19ஆம் பிரிவுகள். கெடு முடிந்த பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை. "தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டம், 1872இன் 25(3)ஆம் பிரிவின்படி அது புதிய ஒப்பந்தமாகும். ஆகவே, கணக்கைச் சரிபார்க்க என்று நீட்டப்படும் தாளிலும் படிக்காமல் கையெழுத்திடலாகாது.

தேதியும் தொகையும் எழுதாத, வருவாய் வில்லை ஒட்டிய நோட்டில் கையெழுத்து வாங்குவது நம் பகுதியில் வழக்கமாகிவிட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, நோட்டை வைத்திருப்பவருக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881இன் 20ஆம் பிரிவு இடமளிக்கிறது. தேதியை அவர் எழுதுகிறார் எனில், கெடுவையும் அவரே தீர்மானிக்கிறார் என்று பொருள்.

மக்கள் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி வரும் நோட்டீசிலும் கவனம் தேவை. வழக்குத் தொடருமுன் அனுப்பப்படுவது சமரசத்துக்கான அழைப்பே; சமரசத்துக்கு இணங்கியே தீர வேண்டும் என்பதில்லை. இணங்கிக் கையெழுத்திட்டால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகராகும். அதன்மீது மேல்முறையீடு கிடையாது.

மின்கட்டண பாக்கி

மின்சாரச் சட்டம், 2003இன் 56ஆம் பிரிவின்படி, இணைப்பைத் துண்டிக்குமுன் 15 நாள் எழுத்துவழி அறிவிப்பு வேண்டும். பாக்கி முதன்முதலில் செலுத்த வேண்டியதாகி 2 ஆண்டுகள் கடந்து, அது தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்பட்டிராவிட்டால், அதற்காக இணைப்பைத் துண்டிக்க இயலாது. ஆயினும் உரிமையியல் வழக்கு போன்ற பிற வழிகள் மூடப்படவில்லை என்று ரஹமதுல்லா கான் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கெடுவே தேவைப்படாத கடன்

கல்குவாரியிலும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் கொடுத்து உழைப்பைச் சிறைப்படுத்தினால், அது கொத்தடிமைக் கடன். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி அக்கடன் அழிந்துபோனது. அது முதல் நாளிலேயே செல்லாதது என்பதால் 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. தாம்பரம் கோட்டாட்சியரிடமோ செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரிடமோ முறையிடலாம். பட்டியல் சாதியினரைக் கொத்தடிமையாக்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்.

அதேபோல், கெடு முடியாத கடனாயினும் மிரட்டி வசூலிக்க எவருக்கும் உரிமையில்லை. மீட்டர் வட்டி, கந்துவட்டி வாங்குவதைத் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது.

நமக்கு வரவேண்டியது

கெடு நம்மையும் கட்டுப்படுத்தும். முதலாளி தரவேண்டிய கூலி பாக்கிக்காக முன்பு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ் 6 மாதத்துக்குள்ளும், ஊதியம் வழங்கல் சட்டத்தின் கீழ் 12 மாதத்துக்குள்ளும் மனுச் செய்ய வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு 3 ஆண்டுகள் தருகிறது. தன் கடனுக்கு நாள் தவறாமல் நோட்டில் தேதியிடுகிறார் வட்டிக்காரர். நம் கூலிக்கும் அவ்வாறே வேலை செய்த நாளையும் பெற்ற தொகையையும் குறித்து வைக்க வேண்டும்.

சம்மன் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: கடனின் தேதியும் கடைசியாகக் கையெழுத்திட்ட தேதியும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமை சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவில் உள்ளது. உதவி எண் 15100. எந்தத் தாளிலும் கையெழுத்திடுவதற்கு முன் இந்த எண்ணை அழைப்போம்.