ஐசோனியசிடும் பி6 உயிர்ச்சத்துக் குறைபாடும்

ஐசோனியசிட் என்பது காசநோய்க்கு மாதக்கணக்கில் உட்கொள்ளப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தாகும். 1912-இல் பிராகா நகரில் மேயர், மாலி ஆகிய இருவர் இதனை உருவாக்கினர். காசநோயைக் குணப்படுத்தும் அதன் ஆற்றல் 1952-இல்தான் தெரியவந்தது. நாற்பது ஆண்டுகள் வெறும் வேதிப்பொருளாகவே அது கிடந்தது என்பது வருத்தத்துக்குரியது.

மருந்து புழக்கத்துக்கு வந்ததுமே சில நோயாளிகளுக்குப் பாதங்களில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றின. 1954-இல் அமெரிக்க மருத்துவர்கள் பீல், வில்ட்டர் ஆகியோர், இது பி6 உயிர்ச்சத்துக் (பிரிடாக்சின்) குறைபாட்டால் வருவது எனக் காட்டினர். ஐசோனியசிட் பி6-உடன் இணைந்து சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. அமினோ அமிலங்களின் வளர்சிதை மாற்றத்துக்கு பி6 இன்றியமையாதது. டிரிப்டோபேனிலிருந்து நியாசின் உண்டாகவும் அது தேவை. எனவே சத்துக்குறைவான உணவு உண்போருக்குப் பெல்லாக்ரா நோயும் வரக்கூடும். மருந்தை அளவு மீறி உட்கொண்டால் வலிப்பு ஏற்பட்டு, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும்.

இதில் சென்னைக்கும் பங்குண்டு. 1956-இல் இங்கு காசநோய் கீமோதெரபி மையம் தொடங்கப்பட்டது. (கீமோதெரபி என்றால் புற்றுநோய் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.) ஏழை நோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது இம்மையமே. வீட்டில் இருப்பவர் கால் எரிகிறதென்று மாத்திரையை நிறுத்திவிட்டால் நோய் திரும்பிவிடும். கிருமியும் மருந்துக்கு அடங்காததாக மாறலாம். ஆகவே பக்கவிளைவு இங்கு சிறு தொல்லையாக ஒதுக்கத்தக்கதன்று.

ஐசோனியசிடை மெதுவாகச் செயலிழக்கச் செய்யும் உடல்வாகு உள்ளவர்களையே இந்த நரம்புப் பாதிப்பு பெரிதும் தாக்குவதை 1960-இல் மைய மருத்துவர்கள் பதிவு செய்தனர். இந்த உடல்வாகு பிறவியிலேயே அமைவது. மருந்தின் அளவு கூடக்கூடப் பாதிப்பும் கூடியது. 1963, 1967 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், நாளொன்றுக்கு 6 மி.கி. பிரிடாக்சின் சேர்த்தாலே இதைத் தடுக்க முடியும் என்று நிறுவின. சில காசு விலையில் கிடைக்கும் தீர்வு இது!

கருவுற்றோர், நீரிழிவு நோயாளிகள், மது அருந்துவோர், ஊட்டம் குன்றியோர் ஆகியோருக்கு இன்றும் ஐசோனியசிடுடன் பிரிடாக்சின் தரப்படுகிறது. ஆயினும் பி6-ஐ மிக அதிக அளவில் நெடுநாள் உட்கொண்டால் அதுவே நரம்புகளைப் பாதிக்கும் என்பதால், மருத்துவர் குறித்த அளவையே பின்பற்ற வேண்டும்.