எண்ணெய்க் குளியலின் கதை: மாதவி முதல் தண்ணீர் ரயில் வரை

ஓய்வாக ஒரு நாள், வீட்டிலேயே அரைத்த முகப்பூச்சு, தலைக்கு இளஞ்சூடான எண்ணெய், பிறகு இதமான வெந்நீர்க் குளியல். இன்று இதற்கு "ஸ்பா" என்று பெயர். பெயர் புதிது, சமாச்சாரம் மிகப் பழையது. தமிழர்களின் குளியலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கூடவே கேட்க வேண்டும். குளித்தது யார்? அரைத்தது யார்? தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மாதவியின் குளியல்

சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை என்று ஒரு பகுதி இருக்கிறது. கோவலனின் ஊடலைத் தீர்க்க மாதவி தன்னை அலங்கரித்துக் கொள்கிறாள். அதற்கு முன் அவள் குளித்த தண்ணீரில் 10 வகைத் துவர்ப் பொருட்கள், 5 வகை வாசனைப் பொருட்கள், 32 வகை மூலிகைகள் ஊறியிருந்தனவாம். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 47! குளித்த பிறகு கூந்தலை அகில் புகையில் உலர்த்துகிறாள்.

அந்தத் துவர்ப் பொருட்களில் பூவந்தியும் திரிபலையும் உண்டு என்று பழைய உரை சொல்கிறது. பூவந்தி என்பது பூந்திக்கொட்டை. திரிபலை என்பது கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய். இன்றும் பூந்தமல்லியிலோ ஆவடியிலோ ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் இந்த நான்கையும் கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். காப்பியத்தில் வரும் பொருள் கடையில் எடை போட்டுக் கிடைப்பது ஆச்சரியம்தான். ஆனால் 47 பொருட்களை இடித்து ஊற வைப்பது ஒரு ஆளால் ஆகிற காரியம் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வாணியனுக்குக் கொடு

தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகாவிதி, 4 நாளைக்கு ஒரு முறை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறது. ஔவையாரின் ஆத்திசூடி சனிக்கிழமையைச் சொல்கிறது என்பது பரவலான விளக்கம். பிற்காலத்தில் ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று வழக்கம் நிலைபெற்றது. "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்ற பழமொழியில் வரும் வாணியன், செக்கில் எண்ணெய் ஆட்டுபவர்.

இதற்குப் பின்னால் எளிய வேதியியலும் இருக்கிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்ற பொருள் உள்ளது. இது தண்ணீரில் நுரைக்கும், எண்ணெயைப் பிடித்து நீரோடு கொண்டு போகும். சீயக்காயோடு வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு எல்லாம் சேர்த்து வெயிலில் காய வைத்து மில்லில் கொடுத்து அரைப்பார்கள். சீயக்காய்க்கென்று தனி மிஷின் வைத்திருக்கும் மாவு மில்களும் உண்டு. உடம்புக்கு நலங்கு மாவு. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு என்று வீட்டுக்கு வீடு கணக்கு மாறும்.

இங்கே மூன்று கேள்விகளில் இரண்டாவதற்கு விடை கிடைக்கிறது. காய வைத்தது, மில்லுக்குத் தூக்கிப் போனது, வெந்நீர் போட்டது, பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அண்டாவில் மிச்சம் இருந்த வெந்நீரில் கடைசியாகக் குளித்ததும் அவர்களே!

மஞ்சளும் வேப்பிலையும்

திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது மஞ்சளும் வேப்பிலையும். அம்மை கண்டவர் தேறியதும் வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரை விட்டு "தலைக்கு ஊற்றுவது" தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம். பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான். இந்தியாவில் உள்ளூரில் பரவிய கடைசிப் பெரியம்மை 1975ல் பதிவானது. ஆனால் நோயில் கிடந்தவர் மறுபடி வீட்டாரோடு சேர்ந்து உட்காரலாம் என்று ஊருக்கு அறிவித்தது அந்தக் குளியல்.

அதே மஞ்சள் சிலரை விலக்கியும் வைத்தது. பல சமூகங்களில் கணவனை இழந்த பெண்ணுக்கு மஞ்சளும் பூவும் மறுக்கப்பட்டன. தோலுக்கு நல்லது என்று ஊரே புகழும் ஒரு கிழங்கை ஒரு பெண் தொடக் கூடாது என்று விதித்த வழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரலாறு முழுமையாகும்.

இந்த மஞ்சளுக்கு 1995ல் ஒரு விசித்திரமும் நடந்தது. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுக்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து வழக்காடியது. பழைய சமஸ்கிருத நூலையும், 1953ல் மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் சான்றாகக் காட்டியது. 1997ல் காப்புரிமை ரத்தானது. பாட்டிகள் சொன்னது சரிதான். ஆனால் நிரூபிக்க எழுத்து வேண்டியிருந்தது!

ஷாம்பு போய் வந்த பாதை

ஷாம்பு வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தச் சொல் இங்கிருந்து போனது. அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது. பாட்னாவில் 1759ல் பிறந்த ஷேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் மூலிகை நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடலும் சேர்ந்த குளியலகம் நடத்தினார். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே அவர் ஷாம்பு சிகிச்சையாளராக இருந்தார்.

போன சொல், பாக்கெட்டில் அடைபட்டுத் திரும்பி வந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் சிறு பாக்கெட் வியாபாரத்தின் முன்னோடி. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. காலிப் பாக்கெட்டைக் கொடுத்தால் புதுப் பாக்கெட் இலவசம் என்ற திட்டமும், மல்லிகை வாசனையும் அதைப் பெட்டிக் கடைகள் வரை கொண்டு சேர்த்தன.

இதைச் சென்னையின் மேற்குப் பகுதியோடு பொருத்திப் பாருங்கள். 1949ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1961ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் ஷிப்டு ஊர்களாயின. காலை ஷிப்டுக்கு ஓடுகிறவருக்குச் செவ்வாய், வெள்ளி ஏது? எண்ணெய்க் குளியல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போனது. மற்ற நாட்களுக்குப் பாக்கெட் கைகொடுத்தது. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது நியாயம் இல்லை. அரைக்கும் வேலையிலிருந்து பல பெண்களுக்கு அது விடுதலையும்கூட.

தண்ணீர் எங்கே?

கடைசிக் கேள்விக்கு வருவோம். எண்ணெய்க் குளியலுக்குத் தண்ணீர் அதிகம் செலவாகும். பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதன் பெயர் எல்லோர் வாயிலும் அடிபட்டது. அதே ஏரி 2019 கோடையில் வறண்டு தரை தெரிந்தது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சுமந்த ரயில் அம்பத்தூருக்குப் பக்கத்து வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்ற வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைப் பற்றி யார் நினைத்திருப்பார்கள்?

மாதவியின் 47 பொருட்களும் இன்று காசு கொடுத்தால் கிடைக்கும். கிடைக்காதவை இரண்டுதான்: நேரமும் தண்ணீரும். ஆகவே வீட்டில் ஒரு ஓய்வு நாளைத் திட்டமிடுபவர்கள் இதையும் சேர்த்துக் கொள்ளலாம். ராத்திரியில் எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்பது பெரியவர்கள் வாக்கு. அதைப் பகலுக்கு வைத்துவிட்டு, இரவுக்கு வெட்டிவேர் ஊறிய அரை வாளி வெந்நீரும் ஒரு கைப்பிடி பாசிப்பயறு மாவும் போதும். புதிய மாவானால் முதலில் கையில் கொஞ்சம் பூசிப் பார்ப்பது நல்லது.

கூடவே ஒன்று. இத்தனை காலம் எல்லோருக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டுக் கடைசியாகக் குளித்தவர் வீட்டில் இருந்தால், இந்த வாரம் வெந்நீர் முதலில் அவருக்குப் போகட்டும்.