தானா ராத்தாவில் தனிப் பிரயாணியின் தங்கும் விடுதி

தானா ராத்தா, மலேசியாவின் பகாங் மாநிலத்தைச் சேர்ந்த கேமரன் மலை மாவட்டத்தின் தலைமை ஊர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மலைப்பிரதேசத்தின் நடுவே சிறிது சமதளம் வாய்த்த இடமாதலால், மலாய் மொழியில் சமநிலம் என்று பொருள்படும் இப்பெயரைப் பெற்றது. தேயிலைத் தோட்டங்களையும் காட்டுப் பாதைகளையும் காண்பதற்குத் துணையின்றி வருகிறவர்கள், முழு அறையையும் எடுக்காமல் கட்டில் ஒன்றை மட்டும் வாடகைக்குப் பிடித்துத் தங்கும் சிறு விடுதிகள் இவ்வூரில் மிகுதி. அவ்விடுதிகளையும் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பற்றியது இக்கட்டுரை.

1885ஆம் ஆண்டில் பகாங், பேராக் எல்லைப் பகுதியை அளக்கப் புறப்பட்ட வில்லியம் கேமரன் என்னும் பிரிட்டிஷ் நில அளவையாளர் இம்மேட்டு நிலத்தைப் பற்றி எழுதிவைத்தார். மலைக்கு அவர் பெயரே நிலைத்தது. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், கீழேயுள்ள தாப்பா என்னும் ஊரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரம் வளைந்து வளைந்து ஏறும் பாதையை 1926 முதல் வெட்டி 1930களின் தொடக்கத்தில் முடித்த பிறகே இங்கு ஜனங்கள் குடியேற வழி பிறந்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் நிறுவிய போ தோட்டமும், 1933இல் தொடங்கிய பாரத் தோட்டமும் இப்பாதையை நம்பியே வளர்ந்தன. காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். அவர்கள் தங்கியது வரிசையாய்க் கட்டிய லயத்து வீடுகளில். துரைமார் தங்கியது புகைபோக்கி வைத்த பங்களாக்களில். சமவெளியின் வெக்கைக்குத் தப்பி வந்த வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு ஆங்கிலக் கிராமத்து மாதிரியில் கட்டிய ஓட்டல்கள் இருந்தன. முதுகில் மூட்டை சுமந்து ஒற்றையாய் வருகிறவனுக்கு என்று அக்காலத்தில் யாரும் கட்டில் போட்டுவைக்கவில்லை. அது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உலகைக் குறைந்த செலவில் சுற்ற வந்த வாலிபர்களோடு வந்த வழக்கம்.

விடுதிகளின் பெயர் விஷயத்தில் முதலில் ஓர் எச்சரிக்கை அவசியம். தமிழ்நாட்டில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை, லாட்ஜ் என்றால் படுக்கும் இடம், ஹாஸ்டல் என்றால் மாணவர் விடுதி, திருவல்லிக்கேணியில் மேன்ஷன் என்றால் மணமாகாத உத்தியோகஸ்தர்கள் அடைந்து கிடக்கும் அறைகள். ஸ்பெயின் தேசத்து நகரங்களில் இக்குழப்பம் வேறு விதம். அங்கே ஓஸ்தால் என்று பலகை மாட்டிய இடம், ஒரு குடும்பத்தார் நடத்துகிற, தனித்தனி அறைகள் கொண்ட சிறு ஓட்டல். வாசலில் அதைக் குறிக்கும் நீலத் தகடு இருக்கும். பொதுக்கூடத்தில் அடுக்குக் கட்டில் தேடுகிற பிரயாணி அங்கே அல்பெர்கே என்ற பெயரையோ, ஆங்கிலத்திலிருந்து வந்த ஹாஸ்டல் என்ற பெயரையோ தேட வேண்டும். ரோமன் எழுத்தில் ஓஸ்தாலுக்கும் ஹாஸ்டலுக்கும் பேதம் ஓர் எழுத்தே; அது மாறினால் தனியறையின் வாடகையைக் கொடுக்க நேரும். மலேசியாவிலும் இப்படியே. ரூமா தும்பாங்கான் என்ற பலகை சாதாரண லாட்ஜைக் குறிக்கும். ஹோம்ஸ்டே என்பது அரசாங்கத்தின் திட்டப்படி கம்பம் என்னும் மலாய்க் கிராமத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கி அவர்கள் உண்பதை உண்பது. ஆனால் கேமரன் மலையில் அப்பெயரைத் தாங்கும் பலகைகளில் பெரும்பாலானவை, எட்டுப் பேர் பத்துப் பேர் சேர்ந்து எடுக்கும் அடுக்குமாடி வீடுகளைக் குறிக்கின்றன. ஒற்றை ஆளுக்கு அவை உதவா. லாட்ஜ், இன், கெஸ்ட் ஹவுஸ், பேக்பேக்கர்ஸ் ஆகிய சொற்களுக்கு இங்கு நிச்சயமான பேதம் ஏதுமில்லை. கட்டில் கணக்கில் வாடகையா, அறைக் கணக்கிலா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே உசிதம்.

முன்பின் அறியாதவர்களோடு ஒரே கூடத்தில் படுப்பது தமிழருக்குப் புதுமை என்று சிலர் எண்ணுவது சரியன்று. பினாங்கு வீதியிலும் சிங்கப்பூர் மார்க்கெட் வீதியிலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய கிட்டங்கிகள் இதற்கு நல்ல சான்று. நீண்ட கூடத்தின் இருபுறமும் ஆளுக்கு ஒரு பெட்டகம், ஒரு கைமேசை. பகலெல்லாம் அங்கே வட்டிக் கணக்கு. இரவில் அதே இடத்திலோ மாடியிலோ பாயை விரித்துப் படுக்கை. அனைவருக்கும் ஒரே சமையல்காரர். பூட்டிய பெட்டியைத் தவிர வேறு அந்தரங்கம் அங்கு இல்லை. ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களின் நடைப்பயணத்துக்காக 1912இல் ஆல்டெனாக் கோட்டையில் இளைஞர் விடுதி திறந்ததை உலக ஹாஸ்டல் சரித்திரத்தின் தொடக்கமாகச் சொல்வர். கிட்டங்கிக்காரர்கள் அவரைக் கேள்விப்படாமலே கட்டிலும் இல்லாமல் அதைச் செய்துவந்தார்கள்.

தானா ராத்தாவில் விடுதியின் இருப்பிடம் பெரிய பிரச்சினையாக இருப்பதில்லை, ஊரையே தவறாகத் தேர்ந்தவனுக்கு அன்றி. மாவட்டத்தில் பிரயாணிகள் தங்கும் ஊர்கள் பிரதானமாக இரண்டு: தானா ராத்தா, அதற்கு வடக்கே ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் பிரிஞ்சாங். பிரிஞ்சாங்கில் பெரிய ஓட்டல்கள், அடுக்குமாடிகள், வார இறுதிச் சந்தைகள், மலைச்சரிவில் தண்டாயுதபாணி கோயில் எல்லாம் உண்டு. காரில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அது பொருந்தும். கார் இல்லாதவனுக்குத் தானா ராத்தாவே ஏற்றது. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு பேருந்துகள் வந்து நிற்கும் ஃப்ரீசியா நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பெரிய தெருவும் அதன் பின்னாலுள்ள கமேலியா வீதியும் அங்கிருந்து சில நிமிட நடைதான். அருவிக்கும் குன்றுக்கும் போகும் பல ஒற்றையடிப் பாதைகள் ஊர் விளிம்பிலேயே தொடங்குகின்றன. மலைமேல் ஊர்களுக்கிடையே ஓடும் பேருந்துகள் சொற்பம். நம்பிக் காத்திருந்தால் அரைநாள் போய்விடும்.

இனி, இம்மலைக்கே உரிய விசேஷப் பரீட்சை ஒன்று உண்டு, அது ஈரம். பகலில் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது அபூர்வம். இரவில் 15 பாகைக்கு அருகில் இறங்கும். 1978 பிப்ரவரியில் 7.8 பாகை வரை இறங்கியதுண்டு. ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டருக்கு மேல். அக்டோபரும் நவம்பரும் ஓயாத மழை மாதங்கள். ஆகவே மின்விசிறி உண்டா, குளிர்சாதனம் உண்டா என்று சமவெளியில் கேட்கும் கேள்விகள் இங்கே அர்த்தமற்றவை. கம்பளி எத்தனை, சுடுதண்ணீர் எத்தனை நேரம், துணி எங்கே காயும் என்பவையே கேள்விகள். அறையைக் காட்டச் சொல்லித் தலையணையைத் தூக்கி அடிப்புறத்தை மோந்து பார்த்தால் பாதி விஷயம் புலப்படும். பூசணம் பிடித்த மெத்தையின் நெடியை எந்த ஊதுவத்தியாலும் மறைக்க முடியாது. சன்னலுக்குக் கீழே சுவரில் கருமையாய்ப் படர்ந்திருக்கும் புள்ளிகளை, புதுச் சாயம் அடித்திருந்தாலும், விரலால் தடவினால் தெரிந்துகொள்ளலாம். குளியலறைச் சுவரில் உள்ள சிறு வெந்நீர்ப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிவது மட்டும் போதாது. குழாயைத் திறந்து ஐந்து நிமிஷம் கையை நீட்டிப் பார்க்க வேண்டும். நூல்போல் ஒழுகுகிற வெந்நீர், மழையில் நனைந்து திரும்பியவனுக்குத் தண்டனை.

நல்ல விடுதிக்கு இந்த ஊரில் நான் கண்ட நிச்சயமான அடையாளம் வரவேற்பறையில் இல்லை. மாடிப்படியின் அடியில் இருக்கிறது. மலேசிய வழக்கப்படி செருப்பையும் பாதரட்சையையும் கீழே கழற்றிவிட்டே மேலே ஏற வேண்டும். அங்கே செம்மண் சேறு அப்பிய பாதரட்சைகள் வரிசையாக இருந்து, அவற்றினுள் பழைய செய்தித்தாள் கசக்கித் திணிக்கப்பட்டிருந்தால், காட்டுக்குப் போய்வருகிறவர்கள் தங்கும் இடம் அது என்றும், ஈரத்தை உறிஞ்சத் தாள் கொடுக்கும் அளவுக்கு விவரம் தெரிந்தவர்கள் நடத்தும் இடம் என்றும் கொள்ளலாம். ஒரு மாலையில் அப்படி வாங்கித் திணித்த தாள் தமிழ்ப் பத்திரிகையாக இருந்தது. காலையில் எடுத்தபோது தலையங்கம் முழுவதும் சேறு.

தனியே வருகிறவனுக்கு இம்மலையில் மற்றொரு சங்கடமும் உண்டு: இங்கே அநேக காரியங்கள் இரண்டு பேரைக் கணக்கிட்டே ஏற்பாடாகியுள்ளன. குளிருக்கு இதமான ஸ்டீம்போட் என்னும் சீனக் கொதிநீர்ப் பானையை மேசை நடுவில் வைத்துக் கீரையும் மீனும் வேகவைத்து உண்ணும் விருந்தைப் பல கடைகளில் ஒற்றை ஆளுக்குப் போடமாட்டார்கள். டாக்சிக்காரர் வண்டிக் கணக்கில் வெள்ளி, அதாவது ரிங்கிட், கேட்பார். உள்ளே ஒருவர் இருந்தாலும் நால்வர் இருந்தாலும் அதே தொகைதான். 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் சிகரத்தின் பாசிக் காட்டிற்கும், போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்திற்கும் பழைய லேண்ட்ரோவர் வண்டிகளில் அழைத்துச் செல்லும் அரைநாள் சுற்றுலாவும் குறிப்பிட்ட ஆட்கள் சேர்ந்தால்தான் புறப்படும். ஹாஸ்டலின் உண்மையான லாபம் இவ்விடத்தில்தான் விளங்கும். குறைந்த வாடகை மட்டுமே அதன் பயன் என்று எண்ணுகிறவர்கள் பாதியைத்தான் அறிவார்கள். பொதுக்கூடத்தில் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்திருக்கும் நான்கு ஒற்றை ஆட்கள், பத்து நிமிஷத்தில் ஒரு வண்டிக்குப் போதுமான கூட்டமாகிவிடுகிறார்கள். பொதுக்கூடமே இல்லாமல் படுக்கைகளை மட்டும் அடுக்கி, ஆளுக்கு ஒரு திரையைத் தொங்கவிட்டிருக்கும் புதுமாதிரி விடுதிகள் சுத்தமாகவும் மௌனமாகவும் இருக்கலாம். ஆனால் அங்கு தங்குகிறவன் மறுநாள் டாக்சிக்கு முழு வாடகையும் தானே கொடுப்பான். சுற்றுலாவை முன்பதிவு செய்யுமுன், சுங்கை பாலாஸ் தேநீர்ச்சாலை திங்கட்கிழமைகளில் மூடியிருப்பது வழக்கம் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஆபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தை உலகறியச் செய்த ஜிம் தாம்ப்சன் என்ற அமெரிக்கர், 1967 மார்ச் 26ஆம் தேதி, தானா ராத்தாவுக்கு அருகில் மூன்லைட் என்னும் பங்களாவில் நண்பர்களோடு விருந்தினராக இருந்தபோது, பிற்பகலில் ஒருவரிடமும் சொல்லாமல் உலாவப் போனார், திரும்பவில்லை. போலீசாரும் படைவீரர்களும் காட்டை அறிந்த பழங்குடி மக்களும் நாட்கணக்கில் தேடியும் ஒரு தடயமும் அகப்படவில்லை. இதைப் பற்றிய ஊகங்கள் நூல்களாகப் பெருகியுள்ளன. இக்கட்டுரைக்கு அவை வேண்டியதில்லை. நண்பர்கள் நிறைந்த வீட்டிலிருந்து போனவரின் கதியே இதுவானால், ஒருவரும் அறியாமல் தங்கியிருப்பவன் காட்டில் வழி தவறினால், மறுநாள் அறையைக் காலி செய்யும் நேரம் வரை யாருக்கும் தெரியாது. இங்குள்ள பாதைகளுக்குப் பெயருக்குப் பதில் எண் வைத்திருக்கிறார்கள்: 4ஆம் பாதை பாரிட் அருவிக்கு, 9ஆம் பாதை ராபின்சன் அருவிக்கு, 10ஆம் பாதை ஜாசார் மலைக்கு. பலகைகள் சாய்ந்தும் மறைந்தும் போவதுண்டு. மழைக்குப்பின் மரம் விழுந்து பாதை திரும்பிவிடும். எந்தப் பாதை இன்று சரியாயிருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் வரவேற்பு மேசையில் இருக்கிற விடுதியே விடுதி. ஒரு விடுதியில் சாவியை வாங்கிக்கொண்டே அங்கிருந்த தமிழ் அம்மாள், "எந்த நம்பர் பாதையில போறீங்க தம்பி? இருட்டுறதுக்குள்ள வந்துருங்க" என்று கேட்டு, நாட்காட்டியின் மூலையில் எண்ணையும் புறப்பட்ட நேரத்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டார். திரும்பி வந்ததும் அதை அடித்தார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்திக்கும் அவ்வாறே செய்தார். பெயர் எழுதத் தெரியாததால் அவள் சட்டையின் நிறத்தை எழுதிவைத்தார்.

பெண்கள் தனியே வருவதாயின், பெண்களுக்கென்று ஒதுக்கிய கூடம் உண்டா, குளியலறை அதே மாடியிலா, வெளிக்கதவு இரவில் பூட்டப்படுகிறதா என்பவற்றை விசாரிக்க வேண்டும். கடைவீதியின் மேல்மாடிகளில் உள்ள விடுதிகளுக்குப் படி செங்குத்து. கீழே மதுக்கடை இருந்தால் நள்ளிரவு வரை சத்தம். வைகறையில் பள்ளிவாசலின் பாங்கொலி ஊர் முழுவதும் கேட்கும். அது எல்லா விடுதிக்கும் சமமாதலால், தேர்வில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை.

ஆகாரத்தைப் பற்றித் தமிழ்ப் பிரயாணிக்குக் கவலை வேண்டாம். பெரிய தெருவில் தோசையும் ரொட்டி சானாயும் வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கும் தமிழ்க் கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, காலையில் உள்ளே நுழைந்தால், "பசியாறிட்டீங்களா?" என்ற கேள்வி வந்து சேரும். அதனால் காலை உணவோடு சேர்த்து வாடகை சொல்லும் விடுதிக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண். வறுத்த ரொட்டித் துண்டும் பழப்பாகும்தான் பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி ஆகிய நாட்களிலும் பொதுவாகச் சனி ஞாயிறுகளிலும் சமவெளியே மலையேறி வந்துவிடும், வாடகை உயரும், பிரிஞ்சாங்குப் பாதையில் வண்டிகள் ஊர்ந்து போகும். திங்கள் முதல் வியாழன் வரை வருகிறவனுக்குக் கட்டிலும் கிடைக்கும், பேரமும் நடக்கும். வெளிநாட்டார்க்கு அறைக்கு இரவொன்றுக்கு 10 வெள்ளி என்று சுற்றுலா வரி உண்டு. 2017 செப்டம்பரில் வந்த இவ்வரி, இணையத்தில் காட்டிய தொகையில் சேராமல் மேசையில் தனியாகக் கேட்கப்படலாம். மலேசியக் குடிமக்களுக்கு அது கிடையாது. சாவிக்கென்று வாங்கும் முன்பணத்துக்குச் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அதிகாலைப் பேருந்தைப் பிடிக்கிறவன் போகும் வேளையில் மேசையில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால், அப்பணத்தை முந்தின இரவே கேட்டுப் பெற்று, சாவியை எந்தப் பெட்டியில் போடவேண்டும் என்றும் விசாரித்துவைக்க வேண்டும்.