அவசரத்துக்கு ஒரு வண்டி

கடப்பாக்கம் என்றதும் வெளியூர்க்காரர்கள் ஆலம்பரைக் கோட்டையைச் சொல்வார்கள். 1750-இல் அது பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் கைக்குப் போனதும், 1760-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்ததும், 2004 ஆழிப்பேரலையில் மிச்சச் சுவர்கள் சேதமானதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. எங்கள் ஊருக்கு எழுதப்படாத இன்னொரு வரலாறு உண்டு. சென்னையில் ஓடித் தேய்ந்த கார்கள் இந்தக் கடற்கரைக்கு வந்து, ஊர் மொத்தத்துக்கும் அவசர வண்டியாக உழைத்த வரலாறு அது. என் அப்பா இங்கே வாடகைக் கார் ஓட்டியவர். நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்று எங்கள் வீட்டு வாசலில் புது வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சான்ட்ரோ நிற்கிறது. புது வண்டி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, நான் அப்பாவின் காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சென்னை இங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். புதுச்சேரி அதில் பாதி தூரம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஒன்று புதுச்சேரி ஜிப்மர், இல்லாவிட்டால் செய்யூர், மதுராந்தகம் வழியாகச் செங்கல்பட்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்படுத்தப்பட்டுச் சுங்கச் சாலையானது 2002-இல்தான். அதற்கு முன் கடைசி பஸ் போய்விட்டால் ஊர் மறுநாள் காலை வரை தீவுதான். பிரசவ வலியும் பாம்புக்கடியும் நெஞ்சுவலியும் பஸ் நேரம் பார்த்தா வருகின்றன?

அந்த நாளில் கார் வாங்குவது பணம் மட்டும் சம்பந்தப்பட்ட காரியமாக இருக்கவில்லை. வெளிநாட்டு உதிரிபாகங்களை இறக்கிப் பூட்டி மட்டும் விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1950களின் நடுவில் இந்தியாவை விட்டுப் போயின. மிஞ்சிய பெரிய கம்பெனிகள் மூன்று: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தின் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு. 1959-இல் மத்திய அரசு கார் விற்பனைக்குக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாங்கிய பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது. 1970களில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 50,000 கார்கூடத் தயாராகவில்லை. ஆகவே சென்னையில் ஒரு டாக்டரோ வக்கீலோ புது வண்டி கிடைத்துப் பழைய வண்டியைக் கைவிடும்போதுதான் கடப்பாக்கம் போன்ற ஊருக்கு ஒரு கார் வந்து சேரும். இங்கே வந்த கார்கள் எல்லாமே பழைய கார்கள்தான். புது வண்டியின் வாசனை எப்படியிருக்கும் என்று அப்பாவுக்கு வெகு காலம் தெரியாது.

அப்பா முதலில் பக்கத்து ஊர் மிராசுதார் ஒருவரின் லேண்ட்மாஸ்டருக்கு டிரைவராக இருந்தார். அம்பாசிடருக்கு முன்னால் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் விற்ற வண்டி அது. பிறகு கடன் வாங்கி, மயிலாப்பூரில் ஒரு டாக்டர் வைத்திருந்த மார்க் டூ அம்பாசிடரைச் சொந்தமாக்கிக்கொண்டார். முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம். கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். பேட்டரி உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்யலாம். பின்சீட்டில் ஒரு பெண் கால் மடக்கிப் படுக்க இடம் இருக்கும், தலைமாட்டில் அவள் அம்மாவும் உட்கார்ந்துகொள்ளலாம். வழியில் ரேடியேட்டர் கொதிக்கும் என்பதால் தண்ணீர் கேன் இல்லாமல் அப்பா வண்டியை எடுக்கவே மாட்டார். ஃபேன் பெல்ட் ஒன்றும் பிளாட்டினம் செட் ஒன்றும் டேஷ்போர்டில் எப்போதும் இருக்கும். ராத்திரி யார் வந்து கதவைத் தட்டினாலும், “யாருக்கு என்ன ஆச்சி?” என்று கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டுவார். வாடகை பற்றிய பேச்சு மறுநாள்தான்.

வண்டி வாங்க நினைப்பவர்கள் அவரிடம்தான் யோசனை கேட்க வருவார்கள். அவர் எல்லாருக்கும் சொன்னது ஒன்றே: “பத்து கை மாறுன வண்டிய வேணாலும் வாங்குப்பா. ஒரு வருஷம் நின்ன வண்டிய வாங்காத.” ஓடுகிற வண்டியின் கோளாறு சத்தத்தில் தெரிந்துவிடும் என்பார். நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டர் இறுகிக் கிடக்கும், ஆயில் சீல் காய்ந்திருக்கும், பெட்ரோல் டேங்கின் உள்ளே துரு படிந்திருக்கும், வயரை எலி கடித்திருக்கும். இவை எதுவும் வாங்கும் அன்று தெரியாது. அவசரத்துக்கு எடுக்கும் அன்றுதான் தெரியும்.

இந்தக் கடற்கரையில் அம்பாசிடர் நிலைத்ததற்கு அதன் உறுதியை மட்டும் காரணமாகச் சொல்வார்கள். நான் முழுதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது சுலபமாகத் துருப்பிடிக்கும், பெட்ரோலைக் குடிக்கும், மழையில் ஒழுகும். நிஜமான காரணம் சென்னையில் இருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளிலும் 1960களிலும் சென்னையைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் வந்தது. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிஸ்டனும் சக்கரமும் செல்ஃப் மோட்டாரும் பிரேக்கும் நூறு கிலோமீட்டருக்குள் தயாராகின. புதுச் சாமான் வேண்டுமானால் ஜி.பி. ரோடு, பழையது போதுமென்றால் புதுப்பேட்டை. காலையில் பஸ் ஏறிப் போய் மாலையில் சாமானோடு திரும்பிவிடலாம். மெக்கானிக் அதைப் பூட்ட இன்னும் ஒரு பகல். ஒரு கார் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதைத் தீர்மானித்தது இந்த ஒரு நாள் தூரம்தான்.

இதற்கு எதிர்ச்சாட்சி எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் ஹெரால்டு காரைச் செய்தது. அழகான வண்டி. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உருவம். எங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் செய்யப்பட்டும் அப்பா அதை வாங்க நினைக்கவில்லை. பின்சக்கரங்கள் பாரத்துக்கு வளைந்து கொடுக்கும் அமைப்பு அது. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மண் பாதையில் போக அவருக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கம்பெனி 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. பிரிட்டனின் ரோவர் உடம்புக்குள் பழைய வேன் எஞ்சின். விலையும் பெட்ரோல் செலவும் கூடுதல். வாங்க ஆளில்லை. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. அதன்பின் ஹெரால்டு வைத்திருந்தவர்கள் ஒரு சின்ன சாமானுக்காகப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதைவிட, சாமானும் கைப்பழக்கமும் பக்கத்தில் இருப்பதுதான் காரைக் காப்பாற்றும் என்று அவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பகுதி கற்றுக்கொண்டது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. மூன்று சிலிண்டர், 796 சிசி, சின்னச் சக்கரம். அப்பா முதலில் அதை நம்பவில்லை. ஆனால் நாடெங்கும் 25 லட்சத்துக்கு மேல் விற்ற அந்த வண்டிக்கு எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைத்தார். 1990களில் கடப்பாக்கத்துக்கு வந்த பழைய கார்களில் அதுவும் ஆம்னி வேனும்தான் அதிகம். 2008-இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. ஏழை வீட்டுப் பிரசவத்துக்கு இதைவிடப் பெரிய உதவி எங்கள் காலத்தில் நடக்கவில்லை என்று நினைக்கிறேன். அப்பாவும் நிம்மதியாக வண்டியை விற்றார். 2014-இல் மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் நின்றபோது, ஒரு காலம் முடிந்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

அவசரம் மட்டும் முடியவில்லை. 2011 டிசம்பரில் தானே, 2020 நவம்பரில் நிவர், 2022 டிசம்பரில் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையேறிய மாண்டஸ், 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரிப் பக்கம் வந்த ஃபெஞ்சல் என்று புயல்கள் இந்தக் கரையைத் தேடி வந்தபடி இருக்கின்றன. புயலன்று மரம் விழுந்து சாலை அடைபட்டால் ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும். கரண்ட் போகும், செல்போன் டவர் போகும். வீட்டிலிருக்கும் ஒரே வண்டி அன்று பிள்ளையோடு சென்னையில் இருக்கும். அதனால்தான் இரண்டாவதாக ஒரு வண்டி, அதுவும் பழைய வண்டி.

வாங்குவதற்கு முன் எங்கள் மெக்கானிக் பாயிடம் போனேன். இங்கே அவர் கை படாத கார் குறைவு. “டீச்சர், உங்களுக்கு எந்த வண்டி பிடிக்கும்னு கேக்கல. நடுராத்திரி என்னை எழுப்புனா எந்த வண்டிய நான் உடனே சரி பண்ண முடியும்னு கேளுங்க” என்றார். அப்பா சொன்னதன் மறுபக்கம் இது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் செய்யப்பட்ட சான்ட்ரோவை அவர் சொன்னார். கல்பாக்கம் குடியிருப்பில் ஒரே குடும்பம் வைத்திருந்த ஒரு வண்டி கிடைத்தது. அணுமின் நிலையம் 1983-இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து அங்கே மாதச் சம்பளக் குடும்பங்கள் பெருகின. அவர்கள் ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது கைவிடும் கார்களுக்கு எங்கள் பக்கம் நல்ல பெயர் உண்டு. சர்வீஸ் பில்லைக் கோப்பில் போட்டு வைத்திருப்பார்கள்.

அதே சமயம் ஒரு பழைய ஃபோர்டு ஐக்கானும் விலைக்கு வந்திருந்தது. மறைமலை நகர்த் தொழிற்சாலையில் செய்தது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022-இல் மறைமலை நகரிலும் நிறுத்திவிட்டது. எங்கள் மாவட்டம் இழந்த இரண்டாவது கார் கம்பெனி அது. ஃபோர்டு கைப்பழக்கமுள்ள மெக்கானிக் பக்கத்தில் இருப்பவருக்கு அந்த விலை லாபம்தான். கடப்பாக்கத்தில் அப்படி ஒருவர் இல்லை. அதனால் ஆசையிருந்தும் விட்டுவிட்டேன்.

பாய் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுவும் இந்தத் தொழிலின் வரலாறுதான். பெயிண்டை அவர் பார்க்கவே இல்லை. காலடி மேட்டைத் தூக்கித் தகரத்தைத் தட்டினார். கதவின் அடி ஓரம், சக்கர வளைவு, சஸ்பென்ஷன் பூட்டியிருக்கும் இடம் எல்லாவற்றிலும் துருவைத் தேடினார். உப்புக் காற்று முதலில் கை வைப்பது அங்கேதான். பிறகு சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. துடைத்து மெருகேற்றி விற்ற வண்டிகளிலும் பெல்ட்டின் உள்முனையில் சேற்றுக்கோடு மிஞ்சியிருக்கும் என்றார். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு எண்களைக் காட்டினார். முதல் இரண்டு எண் தயாரான வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் தேயாமலே ரப்பர் கிழடாகும், ஓடாத வண்டிக்கு அதுதான் ஆபத்து. கடைசியில் எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, மறுநாள் காலை வந்து முதல் ஸ்டார்ட்டைக் கேட்டார்.

காகிதங்களை நான் பார்த்தேன். 15 வருடம் முடிந்த காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. பசுமை வரி தனி. வங்கிக் கடன் முடிந்திருந்தால் ஆர்.சி. புக்கில் அது நீக்கப்பட்டிருக்க வேண்டும். பெயர் மாற்றத்தை ஒத்திப் போடுவது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். அப்பா காலத்தில் கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு வண்டி நாலு கை மாறும். அது விற்றவருக்குத்தான் பெரிய ஆபத்து. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் நஷ்டஈடும் அவர் தலையில்தான். வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்விடுவது இருவருக்கும் நல்லது.

வாங்கியதோடு கதை முடியவில்லை. அப்பாவின் வார்த்தைப்படி அந்த சான்ட்ரோவை நாங்கள் நிற்க விடுவதில்லை. வாராவாரம் செய்யூர் வரைக்குமாவது ஓடுகிறது. மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறோம். ஐப்பசி பிறந்தால் டேங்க் நிரம்பியிருக்கும், இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கும், டிக்கியில் கயிறும் டார்ச்சும் தண்ணீரும் இருக்கும்.

ஊருக்கு ஒரே அம்பாசிடர் இருந்தபோது அது எல்லாருடைய வண்டியாகவும் இருந்தது. இப்போது வீட்டுக்கு வீடு வண்டி இருக்கிறது, ஆனால் அவரவர் கேட்டுக்குள். இந்த மாற்றத்தில் நாம் எதையோ இழந்திருக்கிறோம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவசரத்துக்கென்று வைத்த வண்டி தெருவுக்குப் பொதுவாக இருக்க வேண்டும். சாவி எங்கே இருக்கிறது என்று நாலு வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும், லைசென்ஸ் உள்ள நாலு பேருக்கு அதை ஓட்டிப் பழக்கம் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் என் மருமகளும் எதிர்வீட்டுப் பெண்ணும் அதை நன்றாக ஓட்டுகிறார்கள். பகலில் ஆண்கள் வேலைக்குப் போய்விடும் ஊரில் இது அவசியம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் இன்னும் சிலரைப் பழக்கிவிட வேண்டும் என்று இருக்கிறேன்.