கொங்கு நாட்டில் சங்கிலித் தொடர் வணிகம்: பணமும் உறவும்

ஒருவர் பொருளை விற்பதோடு நில்லாமல், தமக்குக் கீழே வேறு சிலரைச் சேர்த்து, அவர்களது விற்பனையிலிருந்தும் பங்கு பெறும் முறையே பல்லடுக்கு வணிகம். சங்கிலித் தொடர் வணிகம் என்றும் சொல்வதுண்டு. கோவை, திருப்பூர் பகுதிகளில் 'எம்.எல்.எம்.' என்றோ 'ஆள் சேர்க்கிற பிசினஸ்' என்றோ சொன்னால்தான் புரியும்.

இதன் பிறப்பிடம் அமெரிக்கா. 1945 வாக்கில் நியூட்ரிலைட் என்னும் சத்து மாத்திரையை விற்க இம்முறை கையாளப்பட்டது. அதை விற்றுவந்த ஜே வான் ஆண்டல், ரிச் டிவாஸ் என்ற இரு நண்பர்கள் 1959இல் ஆம்வே நிறுவனத்தைத் தொடங்கினர். அந்நிறுவனம் 1998இல் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியது. பின்னர் உள்நாட்டு நிறுவனங்கள் பல முளைத்தன. சில நிலைத்தன, பல ஓரிரு ஆண்டுகளில் காணாமற்போயின.

கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் இது வேரூன்றக் காரணம் என்ன? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. இங்குள்ள விசைத்தறிக்காரர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையவை. தறியும் உழைப்பும் இவர்களுடையவை. 2021 நவம்பரில் சோமனூர் ரகங்களுக்கு 23 விழுக்காடும் பிற ரகங்களுக்கு 20 விழுக்காடும் கூலி உயர்வு பேசி முடிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்திப் போராட வேண்டியிருந்தது. மின்கட்டணமும் உதிரிபாக விலையும் ஏறியபடி இருக்க, பேசிய கூலியே கைக்கு வராத ஒரு குடும்பத்திடம் 'பகுதி நேரமாக மாதம் 10,000' என்று ஒருவர் சொன்னால், அவர்கள் காது கொடுத்துக் கேட்பதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம், இங்கே கொடுக்கல் வாங்கல் நடக்கும் விதம். ஏலச்சீட்டு, கைமாற்று, மொய் எல்லாமே ஆளை நம்பி நடப்பவை. எழுத்தில் இருப்பது குறைவு, வாய்ச்சொல்லே அதிகம். பல்லடுக்கு வணிகத்தின் முதல் பயிற்சி, தெரிந்தவர்களின் பெயர்களை நூறு வரை பட்டியல் எழுதுவது. கொங்கு நாட்டு வீட்டில் அந்தப் பட்டியல் முன்பே தயாராக இருக்கிறது; அதற்குப் பெயர் மொய் நோட்டு. பங்காளிகள், மாமன் மச்சான், கொண்டு கொடுத்த இடம், தறிக்குடோன் நண்பர்கள் என மூன்று தலைமுறை சேர்த்த நம்பிக்கை அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர்களையும் இந்த ஆட்கள் விரும்பித் தேடுவார்கள். 'வாத்தியாரே சேர்ந்திருக்கிறார்' என்றால் பெற்றோர் மறுபேச்சு பேச மாட்டார்கள் அல்லவா?

இனி கணக்கு. ஒருவர் 6 பேரைச் சேர்க்க வேண்டும், அந்த 6 பேரும் ஆளுக்கு 6 பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் அடுக்கில் மட்டும் 16,79,616 பேர் வேண்டும். ஒன்பதாம் அடுக்கில் 1,00,77,696 பேர். 2011 கணக்கெடுப்பின்படி கோவை மாவட்ட மக்கள்தொகையே ஏறத்தாழ 34.58 லட்சம்தான். கைக்குழந்தையைச் சேர்த்தாலும் ஆள் போதாது. இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். இந்தச் சங்கிலி எந்த அடுக்கில் நின்றாலும், அதுவரை சேர்ந்தவர்களில் ஆறில் ஐந்து பங்கினர் கடைசி அடுக்கில், தமக்குக் கீழே யாரும் இல்லாமல் இருப்பார்கள்.

அந்தக் கடைசி அடுக்குக்காரர் பெரும்பாலும் தங்கையின் கணவராகவோ, அடுத்த தறிக்காரராகவோ இருப்பார். சேர்ந்த மாதத்தில் நகையை அடகு வைத்துப் பொருள் வாங்குகிறார். விற்காத பற்பசையும் சத்துமாவும் பீரோவில் அடுக்கப்படுகின்றன. மாத இலக்கு தவறக்கூடாது என்று தம் பணத்திலேயே மீண்டும் வாங்குகிறார். கூட்டங்களில் 'எதிர்மறையாகப் பேசுவோரிடமிருந்து விலகி இருங்கள்' என்று கற்பிப்பதால், எச்சரிக்கும் மனைவியும் தகப்பனாருமே முதல் எதிரிகள் ஆகிறார்கள். விசேஷ வீட்டில் இவர் பந்தியில் வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் இலையை மூடிவிட்டு எழுகிறார். போன் அடித்தால் எடுப்பதில்லை. பணம் போனபின் சேர்த்துவிட்டவரிடம் கேட்கவும் வழியில்லை. கொண்டு கொடுத்த இடத்தில் பணம் கேட்டு நின்றால், அது அக்கா தங்கையின் வாழ்க்கையில் போய் முடியும். எனவே நட்டம் பேசப்படாமலே அமுங்குகிறது; பேச்சுவார்த்தை மட்டும் நின்றுபோகிறது.

சட்டமும் இந்த மௌனத்துக்கு ஒரு காரணம். 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம், திட்டத்தை நடத்துவோரை மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்வதையும் பணம் செலுத்துவதையும்கூடத் தடை செய்கிறது. ஏமாந்தவர் புகார் கொடுக்கப் போனால், தாமும் ஆள் சேர்த்ததைச் சொல்ல வேண்டிவரும். ஆம்வேயின் திட்டம் இச்சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது என்று 2007இல் ஆந்திர உயர் நீதிமன்றம் கூறியது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், ஆள் சேர்ப்பதற்காகவே பணம் தரும் பிரமிடுத் திட்டங்களைத் தடை செய்து, பொருள் விற்பனையை மட்டும் அனுமதித்தன. 2022 ஏப்ரலில் ஆம்வேயின் 757 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட சொத்துகளை அமலாக்கத்துறை முடக்கியது.

கொங்கு நாட்டின் பெரிய வழக்கு திருப்பூரின் பாசி ஃபாரெக்ஸ். கறாராகச் சொன்னால் அது பல்லடுக்கு வணிகம் அன்று. அந்நியச் செலாவணி வணிகம் என்ற பெயரில் திரட்டிய வைப்புத்தொகை. ஆனால் பரவிய வழி இதே உறவு வழிதான். 2008, 2009ஆம் ஆண்டுகளில் 58,571 பேரிடமிருந்து சுமார் 930 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. மத்தியப் புலனாய்வுத்துறை விசாரித்த அவ்வழக்கில், 2022 ஆகஸ்டில்தான் கோவை சிறப்பு நீதிமன்றம் இயக்குநர் இருவருக்கு 27 ஆண்டு சிறையும் 171.74 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. பணம் போட்டவர்கள் தீர்ப்புக்காகக் காத்திருந்தது 13 ஆண்டுகள். அதற்குள் பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் கடனிலேயே முடிந்திருக்கும்.

2024 ஜனவரியில் கோவையின் மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின்மீது வழக்குப் பதிவானது. கைபேசியில் விளம்பரம் பார்த்தால் வருமானம், ஆள் சேர்த்தால் கூடுதல் வருமானம் என்பது அதன் திட்டம். குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டும். வரலாற்று நோக்கில் கவனிக்க வேண்டியது அம்மாதம் 29ஆம் நாள் நடந்ததை. கருமத்தம்பட்டி வழியாகச் செல்லும் அதே சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில், நீலாம்பூரில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் திரண்டனர். அவர்கள் கேட்டது பணத்தைத் திரும்பத் தரச் சொல்லி அன்று. நிறுவனத்துக்கு ஆதரவாகவே வந்திருந்தார்கள். நிறுவனம் நின்றுபோனால் தாம் சேர்த்துவிட்ட அண்ணனுக்கும் சித்திக்கும் பக்கத்து வீட்டாருக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலையில், அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.