அடையாற்றங்கரைத் தலங்களும் ஏரித் திருப்பணியும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றினையும் ஒருங்கே போற்றுவது நம் முன்னோர் வகுத்த வழிபாட்டு முறை. இம்மூன்றனுள் தீர்த்தமின்றி மற்றை இரண்டும் சிறப்பெய்துவதில்லை. நாள்தோறும் நிகழும் திருமஞ்சனம் முதல், பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை நிகழும் பெருவிழா ஈறாக, யாவும் நீரைக் கொண்டே நடைபெறுகின்றன. குடமுழுக்கு என்னும் பெயரே நீரைச் சுட்டி நிற்கின்றது. யாகசாலையிலே மந்திரங்களால் தூய்மை பெற்ற குடங்களின் நீர் விமானத்தின் உச்சிக் கலசத்தில் விழும் அந்த நொடிக்காகவன்றோ பல்லாயிரம் அன்பர்கள் வெயிலையும் பாராது காத்து நிற்கின்றனர்!

இத்தகைய நன்னாளில், தாம்பரத்தையும் அதன் சுற்றுப்புறங்களையும் வாழ்விக்கும் அடையாற்றின் கரையோரமாக ஓர் உலாச் சென்று வருதல் பொருத்தமாகும். தொலைதூரத் தலங்கட்கு யாத்திரை சென்று வரும் அன்பர்கள் பலர், தம் இல்லத்திலிருந்து ஒரு நாளிலேயே சென்று திரும்பத்தக்க இவ்வாற்றங்கரைத் தலங்களைக் கண்டதில்லை. அவற்றின் பெருமையையும், அவற்றோடு பிணைந்துள்ள ஒரு பழந்திருப்பணியின் வரலாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஏரிகள் ஈன்ற ஆறு

காவிரியைப் போல் பெருமலையில் தோன்றி வருவதன்று அடையாறு. அதனை ஈன்றவை ஏரிகளே. தாம்பரத்திற்கு மேற்கேயும் தெற்கேயும் உள்ள மணிமங்கலம், ஆதனூர் முதலிய ஏரிகள் நிரம்பி, அவற்றின் கலங்கல் வழியே வழிந்தோடும் மிகைநீரே ஒன்றுகூடி அடையாறாகின்றது. முடிச்சூரை அடுத்து வடகிழக்கு நோக்கிச் செல்லும் அவ்வாறு, செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீரையும் திருநீர்மலைக்கு அண்மையில் ஏற்றுக்கொண்டு, அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து வங்கக் கடலில் கலக்கின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 42 கிலோமீட்டர்.

இந்நிலப்பகுதியிலே மண்ணுக்கு அடியிலே பெரும்பாலும் கரும்பாறை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் மழை பாறைக்குன்றுகளில் நில்லாது விரைந்து இறங்கிவிடும். அதனைத் தடுத்துத் தேக்காவிடில், மழைக்காலத்தில் வெள்ளமும் கோடைக்காலத்தில் வறட்சியுமே எஞ்சும். இதனை நன்குணர்ந்த முன்னோர், ஓர் ஏரியின் மிகைநீர் வரத்துக்கால் வழியே அடுத்த ஏரியை நிரப்புமாறு, சங்கிலித் தொடர்போல் ஏரிகளை அமைத்தனர். ஏரி உள்ள இடத்தில் ஊர் தோன்றியது. ஊர் தோன்றிய இடத்தில் கோயில் எழுந்தது. அடையாற்றங்கரைக் கோயில்களின் வரலாறு இதுவே.

மணிமங்கலமும் சோமங்கலமும்

உலாவின் தொடக்கமாக மணிமங்கலத்தைக் கொள்ளலாம். இன்று வயலும் ஏரியும் சூழ்ந்து அமைதியாகக் காட்சி தரும் இவ்வூர், ஒருகாலத்தில் பெரும்போரைக் கண்டது. வடக்கினின்று படையெடுத்து வந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் முறியடித்த போர்க்களங்களுள் மணிமங்கலமும் ஒன்று எனக் கூரம் செப்பேடு கூறுகின்றது. அவ்வெற்றியைத் தொடர்ந்தே கி. பி. 642-ஆம் ஆண்டளவில் வாதாபி பல்லவர் வசமாயிற்று. இங்குள்ள இராசகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் பல உள்ளன. வீரராசேந்திர சோழனின் கூடல் சங்கமத்து வெற்றியை விரித்துரைக்கும் புகழ்பெற்ற மெய்க்கீர்த்தி அவற்றுள் ஒன்று.

மணிமங்கலத்திற்கு வடக்கே உள்ளது சோமங்கலம். சந்திரனுக்குரிய தலமாக அன்பர்கள் போற்றும் சோமநாதீசுவரர் கோயில் இவ்வூரில் உள்ளது. இவ்வூர்க் கல்வெட்டு ஒன்று, கோயிலுக்குப் பொருள் வழங்கும் புரவலர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தியைத் தாங்கி நிற்கின்றது. மூன்றாம் குலோத்துங்க சோழன் (கி. பி. 1178–1218) ஆட்சிக் காலத்தில், பெருமழையால் இவ்வூர் ஏரியின் கரை பல இடங்களில் உடைந்தது. அன்பர் ஒருவர் தம் பொருளைச் செலவிட்டு அவ்வுடைப்புகளை அடைத்தார். பின்னரும் கரை உடையவே, மீண்டும் அதனைச் செப்பனிட்டார். அத்துடன் அவர் நின்றாரல்லர். ஊர்ச் சபையாரிடம் காசுகளை முதலாக வைத்து, அதனால் வரும் பொலிசையாகிய வட்டியைக் கொண்டு ஏரிக்கரையை என்றென்றும் காத்து வருமாறு அறக்கட்டளை நிறுவினார். அந்தச் செய்தி கல்லிலே பொறிக்கப் பெற்றது.

நந்தா விளக்குக்கு ஆடும் திருவமுதுக்கு நிலமும் அளித்தவர்களின் அறங்களைப் போலவே, ஏரிக்கரைக்கு மண் இட்டவரின் அறத்தையும் நம் முன்னோர் கல்வெட்டிலே பொறித்து வைத்தனர். காஞ்சி வட்டாரத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பது யாவரும் அறிந்ததே. ஏரியைக் காப்பது இறைபணியோடு ஒத்தது என்னும் கொள்கை அன்று நாட்டில் நிலவிற்று.

நீர் சூழ்ந்த மலை

முடிச்சூரையும் தாம்பரத்தையும் கடந்தால், சமவெளியினிடையே தனித்து நிற்கும் திருநீர்மலை கண்ணுக்குப் புலனாகும். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய இத்தலம் பூதத்தாழ்வாராலும் திருமங்கையாழ்வாராலும் மங்களாசாசனம் செய்யப் பெற்றது. எம்பெருமான் நான்கு திருக்கோலங்களிலும் இங்கே காட்சி தருகின்றான். மலையடிவாரக் கோயிலில் நீர்வண்ணனாக நின்ற கோலம். மலைமேல் சாந்த நரசிம்மனாக இருந்த கோலம். அரங்கநாதனாகக் கிடந்த கோலம். உலகளந்த பெருமானாக நடந்த கோலம். அடிவாரத்திலே தாயார் அணிமாமலர் மங்கை என்னும் திருநாமத்துடன் எழுந்தருளியிருக்கின்றாள்.

திருமங்கையாழ்வார் இத்தலத்தைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி எங்கும் நீர் நிறைந்திருந்ததென்றும், அணுக இயலாத நிலையில், நீர் வடியும் வரை ஆறு திங்கள் அவர் அண்மையிலேயே காத்திருந்து, பின்னர்ப் பெருமானைக் கண்டு பாடினாரென்றும் மரபு வழங்குகின்றது. நீர்மலை என்னும் பெயர்க்காரணமும் அதுவே என்பர். ஆற்றின் போக்கை அறிந்தவர்கட்கு இச்செய்தி வியப்பளிக்காது. ஆதனூர்ப் பக்கத்து நீரும் செம்பரம்பாக்கத்து நீரும் வந்து சேரும் தாழ்ந்த நிலம் இது. மழைக்காலத்தில் இங்கே நீர் பரவுதல் இயற்கை. ஆழ்வார் காத்திருந்தார் என்பதில் ஒரு பேருண்மை அடங்கியுள்ளது: நீருக்குரிய இடத்தை நீருக்கு விட்டு, அது தானே வடியும் வரை பொறுத்திருத்தலை அக்காலத்தவர் அறிந்திருந்தனர்.

படிகளேறி மலையுச்சியை அடைவோர்க்கு நாற்புறமும் விரிந்த காட்சி கிடைக்கும். மேற்கே நீர்நிலைகளின் பரப்பும், கிழக்கே பல்லாவரத்துக் குன்றுகளும், இடையே நெருங்கிய குடியிருப்புகளும், மீனம்பாக்கத்தில் வந்திறங்கும் விமானங்களும் ஒருசேரத் தோன்றும். மார்கழி, தைத் திங்கள்களின் காலைப் பொழுதே இம்மலை ஏறுதற்கு உகந்தது. முதியோர் வெயில் ஏறுமுன் தரிசனம் முடித்து இறங்குதல் நலம்.

சேக்கிழார் பிறந்த ஊர்

திருநீர்மலைக்கு அண்மையிலே, செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கிழக்கே அமைந்துள்ளது குன்றத்தூர். பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய திருவூர் இது. இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக விளங்கிய அவர், குடந்தைக்கு அண்மையிலுள்ள திருநாகேச்சரத்தின்பால் பெரும் பத்தி கொண்டு, அதே பெயரில் ஒரு திருக்கோயிலைத் தம் ஊரிலே எழுப்பினார். குன்றின் மேலோ முருகப்பெருமான் வடக்கு நோக்கி எழுந்தருளியுள்ளான். திருப்போரூரினின்று திருத்தணிகைக்குச் செல்லும் வழியில் அப்பெருமான் இங்கே தங்கினான் என்பது தலவரலாறு. சைவமும் வைணவமும் கௌமாரமும் அண்டை அண்டையாகத் தழைத்த நிலம் இஃது என்பதற்குத் திருநீர்மலையும் குன்றத்தூருமே போதிய சான்று.

பல்லாவரம் முதல் கடல் வரை

ஆற்றின் தென்கரையில் உள்ள பல்லாவரக் குன்றுகள் காலத்தால் மிக மூத்தவை. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலாளர் பழைய கற்காலக் கருவி ஒன்றைப் பல்லாவரத்தில் கண்டெடுத்தார். இந்திய நாட்டுத் தொல்பழங்கால ஆராய்ச்சிக்கு அதுவே தோற்றுவாய். முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று அவனுடைய பட்டப்பெயர்களைத் தாங்கி இங்கே உள்ளது. இன்று அஃது இசுலாமிய அன்பர்களின் வழிபாட்டிடமாக விளங்குகின்றது. அண்மையில், திருச்சுரம் என்னும் பழம்பெயர் பூண்ட திரிசூலத்தில், நான்கு குன்றுகளினிடையே திரிசூலநாதர் சோழர்காலக் கோயிலில் அருள்பாலிக்கின்றார்.

அடுத்து வருவது பரங்கிமலை. தோமையர் பெயரால் கிறித்தவர் போற்றும் இம்மலையின்மீது 1523-ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் தேவாலயம் எழுப்பினர். 1802-ஆம் ஆண்டு லாம்டன் என்பவர் இந்திய நாட்டை அளந்த பெரும்பணிக்கு அடிக்கோடு இட்டதும் இம்மலையருகிலிருந்தே. இம்மலைக்குப் படிகள் அமைத்தவர் பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். அவரே 1726-ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலமும் கட்டுவித்து, அதனைப் பேணுதற்கும் பொருள் ஒதுக்கினார். இன்று அவ்விடத்தில் மறைமலையடிகள் பெயர் தாங்கிய புதிய பாலம் உள்ளது. சோமங்கலத்துப் புரவலரும் சைதாப்பேட்டைப் புரவலரும் சமயத்தாலும் காலத்தாலும் வேறுபட்டவர். எனினும் கட்டியதைக் காக்கவும் வழி வகுத்த அறிவில் இருவரும் ஒருவரே.

முடிவில் ஆறு அகன்று கழிமுகமாகிக் கடலை அடைகின்றது. 1882-ஆம் ஆண்டு முதல் பிரும்மஞான சபை வீற்றிருக்கும் அடர்ந்த சோலையும், 2011-இல் திறக்கப்பெற்ற தொல்காப்பியப் பூங்காவும் அங்கே உள்ளன. நீர்ப்பறவைகளைக் காண விழைவோர்க்குக் கழிமுகம் நல்விருந்து.

2015-ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

இத்துணைப் பெருமையுடைய ஆற்றை நாம் எவ்வாறு பேணினோம்? வரத்துக்கால்கள் தூர்ந்தன, ஏரிகளின் உள்வாயில் வீடுகள் எழுந்தன, ஆற்றில் கழிவு கலந்தது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளன்று தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. மேலே ஏரிகள் நிரம்பி வழிந்தன. செம்பரம்பாக்கம் ஏரியும் திறக்கப் பெற்றது. முடிச்சூர், வரதராசபுரம், மேற்குத் தாம்பரம் முதலிய இடங்களில் மக்கள் மாடிகளில் ஏறித் தவித்தனர். மீனம்பாக்கம் விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஆறு கரைகடந்து வீடுகளுக்குள் புகுந்தது. கோயில்களும் பள்ளிகளும் திருமண மண்டபங்களும் அன்று புகலிடமாயின; சாதி சமயம் பாராது அன்னமிட்ட கைகள் பல. அந்நாளில் உயிரிழந்தோரை நினைக்குந்தோறும் நெஞ்சம் கனக்கின்றது.

மழை வானத்தின் செயல். அதனைத் தாங்கும் ஏரியும் கரையும் கால்வாயும் மனிதரின் கடமை. சோழர்காலத்திலும் பெருமழை பெய்தது, கரைகளும் உடைந்தன. உடைந்தபோது அடைப்பதற்கு ஒரு புரவலரும், மறுபடியும் உடையாது காப்பதற்கு ஒரு முதலும், கணக்கைக் கேட்பதற்கு ஒரு சபையும் அன்று இருந்தன. 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது, பழைய மரபையே நினைவூட்டிற்று.

அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம்

திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் இராசகோபுரத்திற்கும் கலசத்திற்கும் உவந்து அளிக்கின்றனர், அது போற்றத்தக்கதே. அதனோடு, திருக்குளத்தைத் தூர்வாருதற்கும், மழைநீர் அக்குளத்தை அடையும் கால்வாயைச் சீர்செய்தற்கும், ஆண்டுதோறும் அதனைப் பேணுதற்கும் ஒரு பங்கினை நிலைத்த முதலாக ஒதுக்குவாராயின், அது சோமங்கலத்துப் புரவலரின் வழிநின்ற அறமாகும். யாத்திரை செல்வோர் ஆற்றிலும் குளத்திலும் நெகிழியையும் பழந்துணியையும் எறியாதிருத்தலும் ஒரு தொண்டே. விடுமுறை நாளில் மக்களையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, மணிமங்கலத்துக் கல்வெட்டையும் திருநீர்மலைப் படியையும் காட்டி, அவ்வூர் ஏரியின் கலங்கல் எது, மதகு எது என்றும் சுட்டிக் காட்டுமின். கண்ட பிள்ளைகளே நாளை காப்பர்.

இன்று கலசத்தின்மேல் பொழியும் குடநீர் விமானத்தினின்று வழிந்து அன்பர்களின் சென்னியிலே தெளிகின்றது. அதே நீர் மண்ணில் இறங்கி, குளத்தை நிறைத்து, ஏரியாய்ப் பெருகி, ஆறாய் ஓடிக் கடலைச் சேர்ந்து, முகிலாய் மீண்டும் வருவது. அவ்வழி அடைபடாது காக்கும் பணியும் ஆண்டவன் திருப்பணியே. நீர்வண்ணன் திருவருளாலும் திரிசூலநாதன் தண்ணளியாலும் இந்நாட்டில் மாரி வழாது பெய்க, ஏரிகள் நிறைக, கரைகள் நிலைக்க, அன்பர் இல்லந்தோறும் மங்கலம் பொங்குக.