ஓடப் போகும் முன்: ஒரு உள்ளாடையின் வரலாறு

"நாளையிலிருந்து காலையில் ஓடப் போகிறேன்" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "நல்ல ஷூ வாங்கிட்டியா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். எங்களைப் போல பி.காம் படிப்பவர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை. 1971ல் பில் பவர்மேன் தன் மனைவியின் வாஃபிள் சுடும் மெஷினில் யூரித்தேனை ஊற்றி, மெஷினைப் பாழாக்கி, நைக்கி ஷூவின் அடிப்பாகத்தைக் கண்டுபிடித்த கதையை எத்தனை தடவைதான் கேட்பது! நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓடப் போகிறவள் ஒரு பெண் என்றால் ஷூவுக்கு முன்னால் இன்னொன்று தேவைப்படுகிறது. அதைப் பற்றி எந்த வகுப்பிலும் யாரும் வாய் திறப்பதில்லை. நான் திறக்கிறேன். நெளிபவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம் :-)

முதலில் கொஞ்சம் பின்னணி. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் பெண்கள் முதல்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு ஜெயித்தார். ஆனால் பத்திரிகைகள் எழுதியது என்னவோ, ஓடி முடித்த பெண்கள் களைத்து விழுந்ததைப் பற்றித்தான், அதையும் ஊதிப் பெரிதாக்கி. பலன்? அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960ல். 800 மீட்டருக்கே இந்தக் கதி என்றால் மாரத்தானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1966ல் பாபி கிப் என்ற பெண் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தார். பெண்களின் உடம்பு அவ்வளவு தூரம் தாங்காது என்று பதில் வந்தது. அவர் கேட்கவில்லை. கலிஃபோர்னியாவிலிருந்து நாள்கணக்கில் பஸ்ஸில் பயணம் செய்து வந்து, ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு அருகே புதரில் ஒளிந்திருந்து, ஆண்கள் கூட்டத்தோடு கலந்து ஓடினார். அன்று அவர் என்ன போட்டிருந்தார் தெரியுமா? உள்ளே நீச்சல் உடை, அதன் மேல் தம்பியின் அரைக்கால் சட்டை, தலையை மறைக்கத் தொப்பி வைத்த ஸ்வெட்ஷர்ட். காலில் சிறுவர்களுக்கான ஷூ. பெண்களுக்கென்று ஓட்டக் காலணியே அப்போது கிடையாது. அதுவரை அவர் பயிற்சி எடுத்ததெல்லாம் நர்ஸுகள் போடும் தோல் ஷூவில்! இத்தனையோடும் 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார். அடுத்த வருடம் காத்ரின் ஸ்விட்ஸர் 261ம் எண்ணோடு ஓடியதும், நடத்துனர்களில் ஒருவர் பாய்ந்து வந்து எண்ணைப் பிய்க்கப் பார்த்ததும் உலகப் புகழ் பெற்ற புகைப்படம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

1972 ஒரு திருப்பம். பாஸ்டன் மாரத்தான் பெண்களை முறைப்படி அனுமதித்தது. அதே வருடம் அமெரிக்க அரசு, தன் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று சட்டம் போட்டது (டைட்டில் நைன் என்பார்கள்). அதற்கு முன் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. 1978ல் அது 20 லட்சம். கவனியுங்கள் காமர்ஸ் மக்களே, ஆறே வருடத்தில் இவ்வளவு பெரிய புது சந்தை! ஆனால் இத்தனை பெண்கள் சட்டைக்குள் என்ன போட்டுக்கொண்டு ஓடுவார்கள் என்று எந்தக் கம்பெனியும் யோசிக்கவில்லை.

யோசித்தது ஒரு அக்கா தங்கை. 1977 கோடையில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த லிசா லிண்டால் வாரத்துக்கு 30 மைல் ஓடுபவர். ஜாகிங் ஆரம்பித்திருந்த அவருடைய சகோதரி போனில் புலம்பினார்: ஓடும்போது வலிக்கிறது, நீ எப்படிச் சமாளிக்கிறாய்? ஆண்களுக்கு ஜாக்ஸ்ட்ராப் இருக்கிறதே (நம்மூர் பயில்வான்களின் லங்கோடு மாதிரி, எலாஸ்டிக் வைத்தது), நமக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை? இருவரும் சிரித்தார்கள். போனை வைத்தபின் லிசா சிரிக்கவில்லை. உட்கார்ந்து தேவைகளை எழுதினார். பட்டை தோளிலிருந்து நழுவக் கூடாது. கொக்கியும் தையலும் தோலை உரசிப் புண்ணாக்கக் கூடாது. குலுங்காமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

அப்போது லிசாவின் சிறுவயதுத் தோழி பாலி ஸ்மித், அங்கே நடந்த ஷேக்ஸ்பியர் நாடக விழாவுக்கு உடை தைக்க வந்திருந்தார். துணைக்கு ஹிண்டா ஷ்ரைபர் (பின்னாளில் ஹிண்டா மில்லர்). பாலி சாதாரண பிராக்களை மாற்றித் தைத்துப் பார்த்தார், எதுவும் சரிவரவில்லை. ஒருநாள் லிசாவின் கணவர் விளையாட்டாக ஜாக்ஸ்ட்ராப்பை மார்பில் மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். லிசா அதைப் பிடுங்கித் தான் மாட்டிப் பார்த்தார். அட! பிறகு இரண்டு ஜாக்ஸ்ட்ராப்பை வெட்டி ஒன்றாகத் தைத்தார் பாலி. பட்டைகள் முதுகில் குறுக்காகப் போயின, தையல் வெளிப்பக்கம் வந்தது. அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது.

முதலில் வைத்த பெயர் ஜாக்பிரா. ஒரு கடைக்காரருக்கு அது ஆபாசமாகப் பட்டதால் ஜாக்கிங்கிலிருந்து எடுத்து 'ஜாக்-ப்ரா' என்பதை 'ஜாகிங் ப்ரா' என்ற பொருள் வரும்படி ஜா-'க்'கை மெல்லினமாக்காத குறையாக மாற்றினார்கள்! தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆங்கிலத்தில்தான் வித்தியாசம். என்னைக் கவர்ந்தது அடுத்த முடிவுதான். உள்ளாடைக் கடைகளில் அதை விற்க மாட்டோம், இது விளையாட்டுச் சாதனம், ஷூ விற்கும் கடையில்தான் இருக்க வேண்டும் என்றார் லிசா. கடை முதலாளிகள் பெரும்பாலும் ஆண்கள், பிராவைக் கடையில் தொங்கவிடத் தயங்கினார்கள். ஆனால் ஓடுகிற பெண் வருவது ஷூ கடைக்குத்தானே! நான்கு 'பி'க்களில் விற்கும் இடத்தைப் பரீட்சையில் இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போகிறோம். இந்தப் பொருளைப் பிழைக்க வைத்ததே அதுதான் என்பது என் கருத்து. 1979 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. 1990ல் பிளேடெக்ஸ் கம்பெனி வாங்கிக்கொண்டது.

1984 லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கு முதல் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தது, ஜோன் பெனாய்ட் தங்கம் வாங்கினார். (நம் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தைத் தவறவிட்டதும் அதே ஒலிம்பிக்ஸில்தான். அந்தச் சோகம் வேண்டாம்.)

இதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறதுதான். 2016ல் பிரிட்டனில் 11 முதல் 18 வயது வரையிலான 2,089 பள்ளி மாணவிகளிடம் கேட்டார்கள். தங்கள் மார்பகம் விளையாட்டில் கலந்துகொள்வதைப் பாதிக்கிறது என்றவர்கள் 46 சதவீதம். பிரிட்டனிலேயே இப்படி. நம் பள்ளிகளில் ஏழாவதுவரை பையன்களை முந்தி ஓடிய பெண்கள், ஒன்பதாவதில் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்திருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சோம்பேறித்தனம் என்று பி.டி. சார் திட்டுவார். என்ன காரணம் என்று அவரிடம் சொல்ல எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. அம்மாவிடம் கேட்டு வாங்கவும் தெரியாது, அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

பாலி பிறகு மப்பெட்ஸ் பொம்மைகளுக்கு உடை தைக்கப் போனார். லிசா, மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வீக்கத்தால் அவதிப்படும் பெண்களுக்காக இன்னொரு உள்ளாடை உருவாக்கினார். மூவரும் 2022ல்தான் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் அரங்கில் சேர்க்கப்பட்டார்கள், காப்புரிமை பெற்று 43 வருடம் கழித்து. ஆரம்ப கால ஜாக்பிரா ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்றுக்கு வெண்கலப் பூச்சு பூசி, வெர்மான்ட் பல்கலைக்கழக நாடக அரங்கில், உடை தைக்கும் அறைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.